வெள்ளைக்கோட்டருகே ஓர் ஆசீர்வாதம்

"கண்ணாடியக் கழட்டுங்க சாமி. முகத்தப் பார்க்கணும்."

துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான் ஜெர்மானியருக்காகக் காவல் நின்ற உள்ளூர்க்காரன் ஃபுல்வியோ. ரோமாபுரி ஜெர்மானியர் பிடிக்குள் இருந்த 1943ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். சதுக்கத்தின் விளிம்பில் அவர்கள் இழுத்திருந்த வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் போப்பாண்டவரின் நாடு; அதற்குள் போனவரை இவர்கள் தொட முடியாது. இப்பால் ஃபுல்வியோவும் அவனது இரண்டு காவலர்களும். போப்பாண்டவர் மாறுவேடத்தில் ஸ்பெயினுக்குத் தப்பப்போகிறார் என்று ஒரு வாரமாக நகரெங்கும் பேச்சு.

வெள்ளைக்கோட்டைத் தாண்டி வந்த உயரமான, ஒல்லியான குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். உடன் வந்த சலவைக்காரி நுன்சியாட்டாதான் வாயைத் திறந்தாள்.

"ஏன்டா, அழுக்குத்துணி மூட்டையோட போறவகூட நடந்து வந்தா அவர் போப்பாண்டவரா?"

"நீ பேசாத. உன் புருஷன் அமெதேயோ எங்க? ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்புற பட்டியல்ல அவன் பேருதான் முதல்ல. மூணு தடவ உன் வீட்டச் சல்லடை போட்டாச்சு."

"தேடினதுதான் தேடின, கட்டிலுக்கு அடியில கூட்டிவிட்டுட்டாவது போயிருக்கலாம்."

காவலர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். ஃபுல்வியோ குருவானவரிடம் திரும்பினான். அவன் குரல் தணிந்தது.

"நீங்க... அவர்தானா?"

அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"அவர்தான்னு நெனைச்சா நின்னுக்கிட்டாடா கேப்ப?" என்றாள் நுன்சியாட்டா. "உங்கம்மா முட்டிபோடக் கத்துத் தரலையா? இல்ல, ஜெர்மன்காரன் பூட்ஸுக்கு மட்டுந்தான் உன் முட்டி மடங்குமா?"

ஃபுல்வியோவின் முகம் சிவந்தது. குருவானவர் மெல்ல வலக்கையை உயர்த்தினார். ஞானஸ்நான நாளிலிருந்து ஊறிய பழக்கம். அவன் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. காவலர்கள் மண்டியிட்டனர். கோட்டருகே வறுத்த கஷ்கொட்டை விற்கும் வண்டியைச் சுற்றி நின்றவர்களும் மண்டியிட்டனர். எல்லாத் தலைகளும் கவிழ்ந்தன. ஆமென் ஒலிக்கும்வரை நிமிர்வது அங்கே எவருக்கும் வழக்கமில்லை.

லத்தீனில் ஆசீர்வாதம் நீண்டது. புனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட்டனர்.

"ஆமென்."

பிறகு அவர் தம் அடையாளச் சீட்டை எடுத்து நீட்டினார். கல்லிஸ்தோ, பக்கத்துப் பங்குக் கோயிலின் குரு.

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" முழங்கால் தூசியைத் தட்டியபடி உறுமினான் ஃபுல்வியோ.

"நீ பேரக் கேக்கலையேப்பா. கண்ணாடியத்தானே கழட்டச் சொன்ன."

தெருமுனை திரும்பியதும் அவர் நடையைத் தளர்த்தினார்.

"ரொட்டி வரிசையில நின்னு நீ கட்டிவிட்ட வதந்தி நல்லாவே வேலை செஞ்சிருக்கு, நுன்சியாட்டா. ஆசீர்வாதம் போதுமா இருந்துச்சா? இன்னும் நாலு புனிதர் கைவசம் வச்சிருந்தேன்."

"தாராளம் சாமி" என்றாள் அவள். "கஷ்கொட்டை வண்டிக்குப் பின்னாலேர்ந்து கோட்டுக்கு இருபதடிதானே, பதினோராவது புனிதரக் கூப்பிடுறப்பவே எங்க வீட்டுக்காரர் உள்ள போயிட்டார்."