கதவை முதுகால தள்ளு

முதியோர் இல்லத்துக்குப் புதுசா வந்த சமையல்காரிக்கு வேலை பிடிச்சுது, சூப்பர்வைசரம்மாவைத்தான் பிடிக்கலை. விடிஞ்சா போதும், சமையக்கட்டுக் குழாயடியில வந்து நின்னுடுவாங்க.

"நகத்தைக் காட்டு. முழங்கை வரைக்கும் சோப்பு போடு. கையைத் தூக்கியே வெச்சுக்கிட்டுக் கதவை முதுகால தள்ளு!"

"வெங்காயம் உரிக்கத்தானேம்மா போறேன்?"

"எதிர்த்துப் பேசினா வெளியே நில்லு!"

வேலை போனா வீட்டுல அடுப்பெரியாது. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டா.

அன்னைக்குச் சுகாதார அதிகாரி திடீர்னு சோதனைக்கு வந்தாரு. இவ கையைத் தூக்கிக்கிட்டு முதுகால கதவைத் தள்ளினதைப் பார்த்து அசந்துட்டாரு.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எங்க சூப்பர்வைசரம்மாதான் சார்." குழாயடியில நின்னவங்களைக் காட்டினா.

கூட வந்த மேனேஜர் தலையில கைவெச்சாரு. "ஐயோ, நமக்கு ஏதும்மா சூப்பர்வைசர்? இவங்க இங்க தங்கியிருக்கிற பெரியம்மா. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸா இருந்தவங்க. இப்ப ஞாபகம் முன்னப் பின்ன இருக்கு."

பெரியம்மா அதையெல்லாம் காதுல வாங்கவே இல்லை. அதிகாரியை ஒரு முறை முறைச்சாங்க.

"ஏன் டாக்டர் இவ்வளவு லேட்டு? மயக்கம் குடுத்தாச்சு." மேடையில கிடந்த பூசணிக்காயைக் காட்டினாங்க. "முதல்ல கையைக் கழுவுங்க!"

அதிகாரி மறுபேச்சு பேசாம குழாயைத் திறந்தாரு.

"முழங்கை வரைக்கும் சார்,"ன்னா சமையல்காரி.