லாரி டியூபில் வெட்டிய சீல்

கத்திரி வெயில் அந்த வருஷமும் ஐந்தாவது மாதமாக விடாமல் கொளுத்தியது. கூரைக்கடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சு அடைக்காத வீட்டில் பகலில் மனிதர் இருக்க முடியாது. தாட்சாயணி வீட்டில் பாதிக் கூரை முடிவதற்குள் பஞ்சு ஊதும் மெஷினின் ரப்பர் சீல் கிழிந்துவிட்டது. குழாய்க்குள் போகவேண்டிய காற்று பின்னால் கசிந்து, பஞ்சையெல்லாம் கூரை அடைக்க வந்திருந்த சகாயமேரியின் முகத்திலேயே வாரி அடித்தது.

அவள் லாரி டியூபை அளவாக வெட்டிப் பொருத்தினாள். மெஷின் பேசியது: "இது கம்பெனி சீல் அல்ல. புதியது பத்து நாளில் வரும். அதுவரை இயங்காது."

மெஷினை வாங்கியது சகாயமேரி. அதன் வாய் மட்டும் கம்பெனியுடையது.

தாட்சாயணி தொட்டிலைப் பார்த்தாள். "பத்து நாள் இந்த அனல்ல என் புள்ள தாங்குமாக்கா?"

சகாயமேரி கிழிந்த சீலில் புதைந்திருந்த அடையாளச் சிப்பைப் பிளேடால் நோண்டியெடுத்து, டியூப் ரப்பரில் ஒட்டினாள்.

"அசல் சீல். நன்றி" என்றபடி மெஷின் ஓடத் தொடங்கியது.

உடனே கம்பெனியிலிருந்து போன். "மெஷின் கேமராவில் பார்த்துவிட்டோம். இப்போதே நிறுத்தினால் மன்னிப்பு உண்டு. இல்லையென்றால் ஆறு மணிக்கு மெஷினை நிரந்தரமாகப் பூட்டிவிடுவோம்."

"ஆறு மணிக்குத்தானே? நல்லாப் பூட்டிக்கோ!"

போனை வைத்துவிட்டு மீதிக் கூரையையும் அடைத்து முடித்தாள். மணி இரண்டுதான் ஆகியிருந்தது. பிறகு குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இந்தத் தெருவுல வேற யார் வீட்லம்மா கைக்குழந்தை இருக்கு? சீக்கிரம் சொல்லு."