ஓவர்லோடு அன்பரசன்

பெண்ணின் அப்பா வேவு பார்க்க வந்தேவிட்டார். செங்கம் ரோட்டு டீக்கடை வாசலில், தன் வேனையும் அதன் பின்கொக்கியில் மாட்டியிருந்த ட்ரெய்லரையும் சுற்றிச் சுற்றி வந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்ததுமே அன்பரசனுக்கு அது விளங்கிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஓடினான்.

காலையில்தான் அம்மா எல்லம்மாள் எச்சரித்திருந்தாள். "டேய், தென்றலோட அப்பா இந்த வாரத்துல எப்ப வேணா உன்னப் பத்தி விசாரிக்க வருவாராம், தரகர் சொன்னாரு. யாருன்னு சொல்லிக்க மாட்டாராம். எவன் என்ன கேட்டாலும் சிரிச்சிக்கினே பதில் சொல்லு."

சும்மாவா? முப்பத்துமூன்று வயசு, இது ஏழாவது ஜாதகம். முதல் ஆறு இடமும் "பையனுக்கு வரும்படி கம்மி" என்று கைவிரித்துவிட்டன. தென்றலின் போட்டோவை வேறு தினம் இருபது தடவை செல்போனில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பாவம். இதுவும் தட்டிப்போனால் அவன் மனசு தாங்காது.

"இதுல என்ன தம்பி ஏத்தறீங்க?" என்றார் வெள்ளைச் சட்டை.

"சமையல் சாமான் சார். அண்டா, அடுப்பு, கிரைண்டரு. பௌர்ணமி கிரிவலத்துக்கு அன்னதானம் போடறவங்க பாதிப் பேரு நம்மகிட்டதான் வாடகைக்கு எடுக்கறாங்க."

"பரவால்லையே. ட்ரெய்லர்ல எவ்ளோ ஏத்தலாம்?"

சாமானோடு சேர்த்து ஆயிரம் கிலோ என்று ஆர்சி புக்கில் இருக்கிறது. அதை மட்டும் சொல்லி ஏழாவது இடத்தையும் கெடுத்துக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா?

"ரூலுன்னு பாத்தா ஆயிரம் கிலோதான் சார். நான் அசால்ட்டா ரெண்டு டன்னு இழுப்பேன். ஆர்டர் அவ்ளோ ஜாஸ்தி!"

"அடேங்கப்பா! இப்பவுமா?"

"இப்பவும்தான்!"

"ட்ரெய்லர் இழுக்கறதுக்கு லைசென்ஸு, பேப்பரு எல்லாம்?"

"அட போங்க சார், நம்மள எவன் கேக்கப் போறான்? எந்த ஆபீசரா இருந்தாலும் நம்ம வண்டியப் பாத்தா ஓரமா ஒதுங்கி நிப்பாரு!"

வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். மோட்டார் வாகன ஆய்வாளர்!

"நான் ஒதுங்க மாட்டேன். வண்டிய எடுங்க, எடை மேடைக்குப் போவோம்."

அன்பரசன் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் அவனுக்கு ஒரே கவலை. ஆபீசர் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும். சேதி பெண் வீட்டுக்குப் போய்விட்டால்? லைசென்ஸ் இல்லாமல் ஓவர்லோடு அடிக்கிற பையனாம் என்று தரகரே ஊர் முழுக்கப் பரப்பிவிடுவார்.

வேங்கிக்கால் தாண்டி இருந்த எடை மேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த 'எல்லம்மாள் பாத்திர வாடகை' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் அன்பரசனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, பீடி சிகரெட்டு ஏதாச்சும் உண்டா?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க," என்று வெடுக்கென்று சொன்னான் அன்பரசன். உயிர் போகிற நேரத்தில் இந்த மனுஷனுக்கு பீடி ஒரு கேடு!

கொக்கியைக் கழற்றி ட்ரெய்லரை மட்டும் மேடையில் ஏற்றினார்கள். பெரியவர் கூண்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "தொள்ளாயிரத்து நாப்பது கிலோ, சார்!"

ஆய்வாளர் நம்பவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். அதே தொள்ளாயிரத்து நாற்பது. ட்ரெய்லரைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் அதற்கென்று தனி நம்பர், பின்னால் அதை இழுக்கும் வேனின் நம்பர், சட்டம் சொல்கிறபடி இரண்டும் பளிச்சென்று இருந்தன. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், இரண்டு ஆர்சி, ஒன்றில்கூடப் பழுது இல்லை.

"எல்லாமே சுத்தமா இருக்கு. அப்புறம் எதுக்குய்யா ரெண்டு டன்னு, லைசென்ஸ் இல்லன்னு அளந்து வுட்ட?"

அன்பரசன் பொலபொலவென்று கொட்டிவிட்டான். "உங்கள பொண்ணோட அப்பான்னு நெனச்சிட்டேன் சார்! ஆறு எடத்துல வரும்படி கம்மின்னு ஒதுக்கிட்டாங்க. லோடு ஜாஸ்தி, பெரிய கைன்னு சொன்னா தென்றலயாச்சும் குடுப்பாங்கன்னு பாத்தேன். வேனும் ட்ரெய்லரும் சேத்து ஏழரை டன்னுக்குள்ள இருந்தாதான் என் லைசென்ஸு செல்லும்னு எனக்குத் தெரியாதா சார்? சத்தியமா ஒரு கிலோ ஜாஸ்தி ஏத்தினதில்ல. ஆர்டர் பெருசா வந்தா ரெண்டு நடை அடிப்பேன்."

ஆய்வாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எத்தனையோ ஓவர்லோடு வண்டியைப் பிடித்திருக்கிறார், ஓவர்லோடு என்று பொய் சொன்னவனை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"யோவ், ஒழுங்கா இருக்கறத மறச்சு, தப்புப் பண்றேன்னு பெருமையடிச்சிருக்க! இந்தக் கூத்தக் கேட்டுட்டு எந்த அப்பன்யா உனக்குப் பொண்ணு குடுப்பான்?"

எடைச் சீட்டைக் கிழித்து நீட்டியபடி பெரியவர் கூண்டிலிருந்து தலையை வெளியே விட்டார்.

"நான் குடுக்கறேன் சார், தென்றலு எம் பொண்ணுதான்!"