இன்னொரு படம்

“கை எப்படிம்மா ஒடிஞ்சுது?” என்று எக்ஸ்ரே எடுக்கும் பெண் கேட்டாள்.

“வீட்டு மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா. இவளுக்குக் கண்ணு பிடரியில இருக்கு,” என்று கணவன்தான் பதில் சொன்னான். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கதிர் படும் சார். நீங்க வெளிய இருங்க.”

படம் எடுத்த உடனேயே அவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். “முடிஞ்சுதா? கிளம்பலாமா?”

“இல்ல சார். அசைஞ்சுட்டாங்க, படம் கலங்கிப்போச்சு. இன்னொண்ணு எடுக்கணும்.”

“ஒரு நிமிஷம் ஆடாம இருக்கத் துப்பில்ல உனக்கு,” என்று மனைவியை முறைத்துவிட்டு வெளியே போனான்.

“அக்கா, நான் அசையவே இல்லையே!” என்றாள் மனைவி.

“தெரியும்மா. படம் தெளிவாத்தான் விழுந்திருக்கு.” அந்தப் பெண் கதவைத் தாழிட்டுவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினாள். “இது இன்னைக்கு ஒடிஞ்சது. இந்த மூணு இடமும் பழசு, வைத்தியம் பாக்காமலே கூடியிருக்கு. இது ஈயத் தகடு வச்ச கதவு, பேசறது வெளிய கேட்காது. எப்படி ஒடிஞ்சுதுன்னு இப்ப நீங்க சொல்லுங்க.”

அவள் திரையில் தெரிந்த தன் எலும்புகளைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல மாடியே இல்லக்கா.”