எட்டு மணி போன்

மூன்றாவது முறையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வாட்ச் கடைக்காரர் போனை எடுக்கவில்லை.

அவள் பச்சை அட்டை நோட்டை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு அவருக்குப் போன் போட்டு, குரலைக் கேட்டதும் தேதிக்கு நேரே ஒரு டிக் போடுவது அவள் பொறுப்பு. இன்றைய தேதிக்கு நேரே இடம் காலியாகக் கிடந்தது.

பொறுப்பைக் கொடுத்தவர் மனநல ஆலோசகர். வீட்டுக்கே வந்து, நோட்டையும் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கடைக்காரரின் விலாசத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். "மனைவி போனதிலேருந்து கடையை மூடிட்டுத் தனியா கிடக்கிறார். தினம் ரெண்டு வார்த்தை பேச ஆள் இருந்தா தேறிடுவார். நீங்கதான் பாத்துக்கணும்."

முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவளுக்கு இது கைவந்த வேலை. முதலில் 'ம்', 'இருக்கேன்' என்று எண்ணி எண்ணிப் பேசிய மனுஷர், போகப்போக முதல் மணியிலேயே எடுக்க ஆரம்பித்தார். சாப்பிட்டீங்களா, ஜன்னலைத் திறந்து வெச்சீங்களா என்று அவளையே குடைவார். நாம் கேட்க வேண்டியதை நோயாளி கேட்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வரும்.

போனை வைப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் காகிதத்தில் பேனா கீறும் சத்தம் கேட்கும். ஆபரேட்டர் காதுக்கு அது தப்புமா? மனுஷருக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அவளும் அதே ஆலோசகரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவள்தான். அதெல்லாம் பழைய கதை என்பாள். ஆனால் அவள் வாசற்படி தாண்டிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

கணவர் நடுத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அத்தனை பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை. அன்றோடு அவளுக்குத் தெரு என்றாலே கை கால் உதறல். கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்திருந்தாள். முழங்காலும் பாவம், வீண் பழியைச் சுமந்துகொண்டு சும்மா இருந்தது.

நான்காவது முறையும் போட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. ஆலோசகரைக் கூப்பிட்டாள். அவர் வெளியூரில் இருந்தார். திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அரை மணியில் வந்துவிடும் என்றார்கள். அரை மணி எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

விலாசம் இரண்டு தெரு தள்ளித்தான். செருப்பைத் தேடி எடுத்தாள். வார் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. கதவுத் தாழ்ப்பாளில் வைத்த கை, வைத்தபடியே நின்றது. நேற்று போனை வைப்பதற்கு முன், "நாளைக்குப் பேசுவோம், கண்டிப்பா" என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

தெரு அவளை விழுங்கப் பார்த்தது. சைக்கிள், லாரி, எதிரே வரும் முகங்கள், எல்லாமே அவள் மேலேயே வருகிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கணவர் விழுந்த அந்த முனையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடந்தாள். யார் மீதோ இடித்து, யாரோ திட்டி, எல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் போயின.

அந்தக் கட்டடத்து வாட்ச்மேனிடம் விலாசச் சீட்டை நீட்டத்தான் முடிந்தது. வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்த வாட்ச்மேன், ஒன்றும் கேட்காமல் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஓடினார். பின்னாலேயே அவளும் ஏறினாள். முழங்கால் வலிக்கவே இல்லை.

கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே தரையில் கிடந்தார் வாட்ச் கடைக்காரர். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருக்க வேண்டும். ஒரு கால் கோணிக்கொண்டிருந்தது. மேஜை மேல் இருந்த போனுக்காக நீட்டிய கை ஒரு முழம் எட்டாமல் அங்கேயே விழுந்து கிடந்தது. விடிந்ததிலிருந்து அப்படியே கிடந்திருப்பார் போலிருந்தது.

உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குனிந்தாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் குரலாக மட்டுமே இருந்தவருக்கு நரைத்த புருவமும் வறண்ட உதடும் இருந்தன.

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மாடியில் குடியிருக்கும் யாரோ ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பார்வை அவளைத் தாண்டி மேஜைப் பக்கம் போனது. அங்கே போனை ஒட்டி, விரித்துவைத்த பச்சை அட்டை நோட்டு. வரிசையாக டிக். இன்றைய தேதிக்கு நேரே காலி.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாட்ச்மேனிடம் சொன்னார். "முதல்ல ஒரு அம்மாவுக்குப் போன் போட்டு, நான் இருக்கேன்னு சொல்லு. பாவம், வீட்டை விட்டு வெளியவே வரமாட்டாங்க. நான்தான் அவங்களைப் பாத்துக்கறேன்."