கண்ணு பட்ட பிக்கப்

"இது ரிப்பேர் இல்ல தங்கச்சி. கண்ணு! சுத்தமான கொள்ளிக்கண்ணு!"

சின்னையா சாவியை மேசைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சுங்கை சிப்புட்டில் தினேஸ்வரியின் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்வார்கள். இவர் கோளாறுக்குக் காரணமான ஆளின் பெயரையே கையோடு கொண்டு வந்திருந்தார்.

"யாரு கண்ணுண்ணே?"

"பக்கத்து வீட்டு சரளாதான். இந்தப் பிக்கப் காடி எடுத்து மூணு வாரம்கூட ஆகல. வேலியோரம் நின்னுக்கிட்டு, 'அண்ணே, காடி எவ்ளோ அழகா இருக்கு'ன்னா. மறுநாளே டயர் பஞ்சர்! இப்பப் பாரு, மூணு லைட்டு ஏறுது."

தினேஸ்வரி பிக்கப்பில் ஏறி எஞ்சினை முடுக்கினாள். ஏபிஎஸ் விளக்கு, சறுக்கி ஓடும் கார் படம் போட்ட விளக்கு, சிவப்பு பிரேக் விளக்கு, மூன்றும் அணையாமல் எரிந்தன.

"பின்னாடி என்னண்ணே இவ்ளோ ஜிங்குத் தகடு?"

"வேலிக்கு. எட்டடி உயரத்துக்கு அடிக்கப் போறேன். இனிமே அவ கண்ணு என் வாசல்ல விழவே கூடாது. பதினஞ்சு வருசப் பழக்கம் இன்னையோட முடிஞ்சிது."

"உங்க வீட்டுக்காரம்மா பாப்பாக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, சரளாக்காதான் வீட்டுக்குச் சோறு ஆக்கிக் குடுத்தாங்கன்னு சொன்னீங்களே?"

"அது வேற கத. நீ வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தாள். ஹேண்ட்பிரேக் ஒழுங்காக இறங்கியிருந்தது. பிரேக் எண்ணெயும் குறையவில்லை. ஸ்டேரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகித் திரையைப் படித்தாள்.

"மூணு லைட்டு ஏறுனா மூணு கோளாறுன்னு இல்லண்ணே. பின்னாடி இடது டயரு எவ்ளோ வேகமா சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ல மாட்டேங்குது. ஒரு டயரு பேச்ச நிறுத்துனா போதும்லா, எல்லா லைட்டும் கோவிச்சுக்கும்."

"அதே டயருதான் பஞ்சர் ஆச்சு!" சின்னையா தொடையில் தட்டினார். கண்ணின் குறி அவ்வளவு துல்லியம் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஜாக் வைத்து வண்டியைத் தூக்கி, அடியில் நுழைந்தாள் தினேஸ்வரி. பிறகு சிரிப்புக் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று, மிளகாய் மூன்று.

"சென்சர் ஒயர்ல கட்டியிருக்காங்கண்ணே. ஓட ஓட ஆடி இழுத்து, சாக்கெட்டே கழண்டுக்கிச்சு."

சின்னையா துள்ளி எழுந்தார். "செய்வினை! நான் சொல்லல?"

உடனே வீட்டுக்குப் போன் போட்டார். பட்டறை முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

"பாப்பா! காடிக்கு அடியில கறுப்புக் கயிறு கட்டியிருக்கு. இது சரளா வேலதானே?"

"ஆமா," என்றாள் மனைவி.

"கேட்டுக்க தங்கச்சி! என் பொண்டாட்டியே சொல்றா!"

"முழுசாக் கேளுங்க மொதல்ல," பாப்பாவின் குரல் உயர்ந்தது. "பஞ்சர் ஆன அன்னைக்கு, 'சரளா கண்ணு கொள்ளிக்கண்ணு'ன்னு அடுப்படியில நின்னு கத்துனீங்களே, அது அவ காதுல விழுந்துருச்சு. அன்னையிலேருந்து நம்ம காடியத் தாண்டும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் போறா. போன வெள்ளிக்கெழம பஸ் ஏறி ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போயி, இந்தக் கயித்த சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு வந்தா. 'என் கண்ணு நெசமாவே பொல்லாததா இருந்தா, அண்ணன் காடிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுக்கா'ன்னா. நீங்க பாத்தா அறுத்து எறிஞ்சிருவீங்கன்னு அடியில கட்டுனா. நான்தான் டார்ச் அடிச்சேன்."

சின்னையாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்போதுதான் அவருக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தோன்றியது.

தினேஸ்வரி சாக்கெட்டை மாட்டி, ஒயரைக் கிளிப்பில் அழுத்திவிட்டு, ஸ்கேனரில் கோளாறுப் பதிவை அழித்தாள். பெரிய ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். மூன்று விளக்கும் போன இடம் தெரியவில்லை.

"முடிஞ்சிதுண்ணே. வேலி அடிக்கிற வேலைதான் பாக்கி."

"வேலியாவது ஒண்ணாவது! சரளா வீட்டுக் கோழிக்கூடு மழைக்கு ஒழுகுதுன்னு ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கா. போனதும் மொத வேல, இந்தத் தகட்ட அதுக்கு மேல அடிக்கிறதுதான்."

"அப்ப இந்தக் கயிறு? குப்பையில போட்டுறவா?"

"ஐயையோ, வேணாம். கட்டு."

"முன்னாடி பம்பர்லயாண்ணே?"

"இல்ல தங்கச்சி. உள்ள, கண்ணாடியில கட்டு. என் மூஞ்சிக்கு நேரா தொங்கட்டும். பொல்லாத கண்ணு உள்ள உக்காந்துல்ல ஓட்டுது!"