மகன் தொடாத குழம்பு

மதலைமுத்து கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

கல்லறைத் திருநாள். சாமியார் வந்து கல்லறைகளை மந்திரிப்பது சாயங்காலம்தான். சனமும் அப்போதுதான் வரும். மத்தியானமே வந்து, தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் பதுங்கி உட்கார்ந்தது வீண் போகவில்லை.

அவர் மகன் பெலிக்ஸின் கல்லறைமுன் ஒரு பொம்பளை குந்தியிருந்தாள். முந்தானையால் சிலுவையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சில வருஷமாகவே இது நடக்கிறது. அவர் மெழுகுவர்த்தியோடு வருவதற்குள் யாரோ புல்லைப் பிடுங்கிச் சாமந்தி தூவிவிட்டுப் போய்விடுவார்கள். "எந்தப் புண்ணியவானோ" என்பாள் அவர் பெண்டாட்டி, உயிரோடிருந்தவரை.

புண்ணியவான் சும்மா செய்வானா?

ஆவடியில் வீடு பெருகப் பெருகக் கல்லறைத் தோட்டத்தில் இடம் சுருங்கிவிட்டது. ஆள் வராத குழியைத் தோண்டி அடுத்த பிணத்தை வைத்துவிடுகிறார்கள். இன்றைக்குப் பூப் போடுகிறவன் நாளைக்கு "இது எங்களுது" என்பான். ஃபாக்டரி கேட்டில் நின்று ஊரான் பையைத் தடவியே ரிட்டையர் ஆனவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிள்ளை போனான், பெண்டாட்டி போனாள். மிஞ்சியது இந்தத் துண்டு மண். அதை விடுவதாக இல்லை.

கிட்டே போனதும் ஆள் தெரிந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்து வேம்புலியம்மாள். பெலிக்ஸோடு சேர்ந்து ஏரியில் போனானே கன்னியப்பன், அவனைப் பெற்றவள்.

அது எண்பத்தஞ்சு காணும் பொங்கல். வாழைமரத்தை வெட்டிக் கட்டித் தெப்பம் விட்டார்கள் பையன்கள் இரண்டு பேரும். தண்ணீர் திருப்பிக் கொடுத்தபோது முகத்தை மீன் விட்டுவைத்திருக்கவில்லை. பொம்பளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. ஆம்பிளைகள் துணியைப் பார்த்துத்தான் பிரித்தார்கள். கிறிஸ்துமஸுக்குத் தைத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டையைப் பார்த்ததும், "இதான் எம்புள்ள" என்று மதலைமுத்து விழுந்து கட்டிக்கொண்டார். மற்றவனை வேம்புலியம்மாளின் புருஷன் தசரதன் வாங்கிப் போய்க் கொளுத்தினான்.

அவள் கல்லறைமேல் வாழையிலை விரித்திருந்தாள். சோறு. சோற்றின் மேல் கருவாட்டுக் குழம்பு.

மதலைமுத்துவுக்கு எரிச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மே இது? செத்தவனுக்குப் புடிச்சதத்தானே படைப்பீங்க? எம்புள்ள கருவாட்டு வாசனைக்கே வாந்தி எடுப்பான். எடம் புடிக்க வந்தவ அதையாச்சும் விசாரிச்சுகினு வரக் கூடாது?"

அவள் எழுந்திருக்கவில்லை. சோற்றில் தூறல் விழாமல் இலைமேல் கையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"தெரியும்ண்ணா. எம்புள்ள கன்னிதான் துன்னுவான்."

அவர் சிரிப்பு நின்றது.

"பொங்கலுக்கு இவனுக்குத் துணி எடுக்கல. போகியன்னிக்கு உம்புள்ள அந்தச் சட்டைய இவனுக்குக் குடுத்துட்டான். உன்னாண்ட சொன்னா நீ அடிப்பியாம், சொல்லாதேன்னான். எல்லாம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்தப்பறந்தான் எங்கூட்டு மனுசன் வாயில அந்தப் பச்சச் சட்டயப் பத்தின பேச்சு வந்துச்சு. அதுக்குள்ள உம்புள்ள எங்க கொள்ளியில வெந்துட்டான். உனக்கு இந்த மண்ணாச்சும் இருக்கட்டும்னு வாயக் கட்டிகினேன்."

குடை எப்போது சாய்ந்ததென்று தெரியவில்லை. தலை நனைந்துகொண்டிருந்தது.

இருப்பதைக் கொடு என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சிஸ்டர் சொன்னால் அதை அப்படியே பிடித்துக்கொள்கிற பையன் பெலிக்ஸ். "கோயில்ல சொல்றதயெல்லாம் செஞ்சா கோவணங்கூட மிஞ்சாதுடா" என்று மண்டையில் குட்டியவர் மதலைமுத்துதான்.

சாமியார் வருவதற்குமுன் தோட்டத்தைப் பார்த்து வைக்க உபதேசியார் சவரியப்பன் வந்தார். வந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னா பெரியவரே, கல்லற மேல கருவாடு? இந்தம்மா யாரு? இதெல்லாம் இங்க கூடாது." காலால் இலையை ஒதுக்கப் போனார்.

மதலைமுத்து குடைக்காம்பை நீட்டி மறித்தார்.

"பெத்தவ வெச்சிருக்கா. உள்ள படுத்துகினு கீறவன் அவ புள்ள. நீ உன் வேலயப் பாத்துகினு போய்யா."

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து உபதேசியார் நகர்ந்தார்.

சொன்ன பிறகுதான் மதலைமுத்துவுக்கு உறைத்தது. இனி இந்த மண் அவருடையது இல்லை. அவர் வாயாலேயே கொடுத்தாகிவிட்டது.

வேம்புலியம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"குந்துண்ணா."

உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி. ஏரிக்கரையில் சுடுகாடு. இன்றைக்கு அங்கே ஒன்றும் எரியவில்லை.

அன்றைக்கு இந்தக் குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து புகை வந்தது. மதலைமுத்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீக்கிரம் மூடுங்கடா, நாத்தம் தாங்கல" என்றார்.